செட்டிகுளத்திலிருந்து செட்டிகுளம் வரை: மலையகச் சிறுகதையில் விலக்கலின் வரலாறு

இலங்கையின் மலையகத் தமிழர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தமிழகத்தின் வானம் பார்த்த வட்டாரங்களிலிருந்து கோப்பி, தேயிலை, இரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள்கட்டிக் கொண்டுபோகப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்கள். அவர்கள் காடு வெட்டி மலை திருத்திய நாடு 1948-இல் அவர்களைக் குடிமக்கள் அல்லாதவர் ஆக்கியது. முன்னோர் விட்டுவந்த நாடு 1964-க்குப் பிறகு திரும்பி வந்தவர்களை அயலாராகப் பார்த்தது. இரு கரையிலும் நேர்ந்த இந்த விலக்கலைச் சட்ட நூல்களும் குடிக்கணக்கும் எண்களாகக் குறித்து வைத்தன. அது ஒரு தோட்டக் குடியிருப்பின் அறைக்குள் எப்படி அனுபவிக்கப்பட்டது என்பதை எழுதி வைத்தது சிறுகதை. மலையகச் சிறுகதையின் வளர்ச்சி, பிறர் இட்ட பெயர்களுக்கு எதிராக ஒரு சமூகம் தன் பெயரைத் தானே சொல்லத் தொடங்கிய வரலாறும் ஆகும்.

பாக் நீரிணையின் இரு கரையிலும் செட்டிகுளம் என்ற ஊர் உண்டு. ஒன்று பெரம்பலூர் மாவட்டத்தில், ஏகாம்பரேசுவரர் கோயிலும் கையில் கரும்பேந்திய தண்டாயுதபாணியின் குன்றுக் கோயிலும் கொண்ட, சின்ன வெங்காயத்துக்குப் பெயர்போன ஊர். மற்றது இலங்கையின் வவுனியா மாவட்டத்தில், மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் இருப்புப் பாதையில் உள்ள நிலையம். முதல் செட்டிகுளத்தைச் சூழ்ந்த வட்டாரம் மலையகத்துக்கு ஆள் அனுப்பிய பகுதி. இரண்டாவது செட்டிகுளம், போனவர்களும் திரும்பியவர்களும் கடந்த தடம். பின்னாளில் அதுவே போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்துவைத்த இடமாகவும் ஆனது.

புறப்பட்ட மண்

பெரம்பலூரும் அரியலூரும் இன்று தனித்தனி மாவட்டங்கள். பெரம்பலூர் மாவட்டம் 1995-இல்தான் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்தது. ஆங்கிலேயர் காலம் முழுவதும் இவை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடபகுதி. காவிரிப் பாசனம் எட்டாத இந்த மேட்டு நிலத்தில் சோளமும் கம்பும் பருத்தியும் மழையை நம்பியே விளைந்தன. மழை பொய்த்த ஆண்டில் நிலமற்ற குடும்பங்களுக்குப் பண்ணையாரிடம் கடன்படுவதைத் தவிர வழி இருக்கவில்லை. 1876-78-இல் தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் அந்த நெருக்கடியின் உச்சம். வறட்சி, கடன், சாதிக் கொடுமை ஆகிய மூன்றும் சேர்ந்து மக்களை ஊரைவிட்டுக் கிளப்பின. ‘கண்டிச்சீமைக்குப் போனால் பிழைக்கலாம்’ என்ற பேச்சு முசிறி, துறையூர், பெரம்பலூர் வட்டாரங்களிலும் சேலம், புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலும் பரவியது. ஆள் அனுப்பிய மாவட்டங்களில் திருச்சிராப்பள்ளி முன்வரிசையில் நின்றது. இலங்கைத் தோட்ட முதலாளிகளின் தேவைக்காக 1904-இல் அமைந்த இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் இந்தியத் தலைமையகமும் திருச்சியிலேயே நிறுவப்பட்டது.

இலங்கையில் தோட்டத் தொழிலாளர் குடியேற்றம் 1823-இல் தொடங்கியதாகக் கணக்கிடப்படுகிறது. முதல் ஐம்பது ஆண்டுகள் கோப்பிக் காலம். தமிழகக் கரையில் தோணி ஏறி மன்னார்ப் பகுதியில் இறங்கிய மக்கள், தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டுவழி நடந்தார்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் வழியிலேயே பலரைத் தின்றன. 1869-இல் கோப்பிச் செடியைத் தாக்கிய இலைநோய் அந்தப் பயிரை அழித்தது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கியிருந்த தேயிலைப் பயிர் அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் ஆள் இருந்தால் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் பருவத்துக்கு வந்து போன ஆண்கள் குடும்பத்தோடு நிலைத்தார்கள். பெண்களின் விரல்களே தோட்டத்தின் முதன்மை உழைப்பாக மாறின.

ஆட்களைத் திரட்டியவர் கங்காணி. பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சில சமயம் உறவினர். பயணச் செலவும் முன்பணமும் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறின. அவர் வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், கடனைக் கட்டினால் ஆளை விடலாம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ தேவை. அந்தத் தாளின் வழியே மனிதரும் கடனும் சேர்ந்து கைமாறினர். துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் வாழ்க்கை ஒரு தாளில் தொங்கும் நிலை தொடர்ந்தது. பற்றுச்சீட்டு, பிரசாவுரிமைப் பத்திரம், கடவுச்சீட்டு என்று தாள்களின் பெயர்தான் மாறியது.

1914-இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் இருப்புப் பாதையும் திறக்கப்பட்டன. மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்தவர்கள் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் மன்னார், மடு, செட்டிகுளம், மதவாச்சி என்று கடந்து மலைக்குப் போனார்கள். காட்டுவழி நடை முடிந்துபோனாலும், அது பாட்டிமாரின் கதைகளில் நிலைத்தது. பின்வந்த எழுத்தாளர்கள் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

லயமும் பாட்டும்

தோட்டத்தில் குடியிருப்பு என்றால் லயம். நீண்ட கட்டடம் ஒன்றைப் பத்து, பன்னிரண்டு காம்பராக்களாகத் தடுத்திருப்பார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒரு காம்பராவில் ஒரு குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கி, பிள்ளை பெற்று, நோயில் கிடந்து, செத்தது. விடியுமுன் தப்பு அடித்தவுடன் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணிக்கை. பின் மலைக்கு ஏறுதல். மாலையில் கொழுந்து நிறுவை. செக்ரோல் என்ற ஆள்பதிவேட்டில் பேர் இருந்தால் சம்பளமும் அரிசியும் காம்பராவும் உண்டு. பேர் வெட்டப்பட்டால் மூன்றும் ஒரே நாளில் போய்விடும். தோட்டம் தனியார் நிலம் என்பதால் வெளியாள் உள்ளே நுழைவது அத்துமீறல். தோட்டப் பள்ளிகள் எழுத்தறிவின் முதல் படியோடு நின்றன.

எழுத்துக்கு முன்னால் பாட்டு இருந்தது. தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்துப் பாட்டு, கங்காணியைத் திட்டும் பாட்டு என மக்கள் தங்கள் துயரைப் பாடினார்கள். ஊரிலிருந்து எடுத்துவந்த காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் தோட்டங்களில் ஆண்டுதோறும் ஆடப்பட்டன. பொன்னர் சங்கர் வழிபாட்டின் மையமான வீரப்பூர் திருச்சி மாவட்டத்தில் மணப்பாறைப் பக்கம் இருக்கிறது. அந்தக் கூத்து மலையகத்தில் உயிரோடிருப்பதே மக்கள் எந்த மண்ணிலிருந்து போனார்கள் என்பதற்குச் சான்று. மலையகத்தின் எழுத்தாளரும் தொழிற்சங்கவாதியுமான சி.வி. வேலுப்பிள்ளை (1914-1984) இந்தப் பாடல்களைத் தேடித் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாக்கினார். மலையகச் சிறுகதையின் மொழி இந்த வாய்மொழி மரபிலிருந்தே பிறந்தது.

முதல் கதைகள்

அச்சில் தோட்டத் தொழிலாளரின் குரலை ஒலிக்கச் செய்த முன்னோடி கோ. நடேசய்யர் (1887-1947). தஞ்சாவூரிலிருந்து இலங்கை சென்ற அவர், வெளியாருக்கு மூடிக்கிடந்த தோட்டங்களுக்குள் துணி வணிகர் கோலத்தில் நுழைந்து நிலைமையை நேரில் கண்டார். ‘தேசபக்தன்’ முதலிய இதழ்களை நடத்தி, 1931-இல் தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தை நிறுவினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை எளிய மெட்டில் உரிமைப் பாடல்களை இயற்றி மக்கள் நடுவில் பாடினார். நடேசய்யர் எழுதிய ‘திரு. இராமசாமி சேர்வையின் சரிதம்’ மலையகச் சிறுகதையின் தொடக்கமாக ஆய்வாளர்களால் சுட்டப்படுகிறது.

தமிழகத்திலிருந்து இந்தத் துயரை எழுதிய பெரிய படைப்பாளி புதுமைப்பித்தன். 1935-இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த ‘துன்பக்கேணி’, திருநெல்வேலிச் சீமையில் ஒரு சேரியில் வாழ்ந்த மருதி என்ற பெண் தேயிலைத் தோட்டத்துக்கு இழுத்துச் செல்லப்படுவதையும், அங்கே அவள் உடலும் உழைப்பும் சூறையாடப்படுவதையும் சொல்கிறது. கிராமத்தின் சாதிக் கொடுமையும் தோட்டத்தின் அடிமை முறையும் ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள் என்பதை அந்தக் கதை காட்டியது. ஆயினும் அது கரையின் இந்தப் பக்கத்தில் நின்று எழுதப்பட்ட கதை. தோட்டத்துக்குள் பிறந்தவர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்ல இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.

1948: சட்டம் எழுதிய விலக்கல்

1931-இல் இலங்கைக்கு வந்த சர்வசன வாக்குரிமை தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினருக்கும் கிடைத்தது. 1939 ஆகஸ்டு 1 முதல் இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. அதன்பின் மலையகத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் அங்கேயே வேர்விட்டவர்கள், அல்லது அங்கேயே பிறந்தவர்கள். 1947 தேர்தலில் அவர்கள் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். தலவாக்கலைத் தொகுதியில் வென்றவர் சி.வி. வேலுப்பிள்ளை.

அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரும் தம் தந்தை அங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவ வேண்டும் என்றது. பிறப்புப் பதிவே இல்லாத தலைமுறைகளிடம் தாள் கேட்கப்பட்டது. 1949-இல் வந்த இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி திறந்தது. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர் மட்டுமே. அதே 1949-இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, குடியுரிமை இல்லாதவரின் வாக்குரிமை நீக்கப்பட்டது. நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பகுதியைத் தம் கையால் பறித்துக் கொடுத்த மக்கள் நாடற்றவர் ஆனார்கள்.

பெயர்களும் கூர்மையாயின. ஆவணத்தில் ‘கூலி’யாக இருந்தவர் தெருவில் ‘கள்ளத்தோணி’ ஆனார். அரசே சோதித்துச் சீட்டுக் கொடுத்துக் கப்பலில் ஏற்றிவந்த மக்களுக்குக் கள்ளத்தனமாய் வந்தேறியவர்கள் என்ற பட்டம் கிடைத்தது. தமிழ் பேசும் பிற பகுதிகளில் அவர்கள் ‘தோட்டக்காட்டான்’ என்றும் ‘வடக்கத்தையான்’ என்றும் அழைக்கப்பட்டார்கள். இவ்வாறு சட்டம் செய்த விலக்கலை அன்றாடப் பேச்சு நாள்தோறும் புதுப்பித்தது.

இத்தகைய அனுபவம் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 1920-இல் திரியனோன் உடன்படிக்கை ஹங்கேரியின் எல்லைகளைச் சுருக்கியபோது, இலட்சக்கணக்கான ஹங்கேரியர் இருந்த இடத்தில் இருந்தபடியே வேற்று நாட்டுச் சிறுபான்மையினர் ஆனார்கள். ஹங்கேரிக்குள்ளேயே ரோமா மக்கள் நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டு வாழ்ந்தார்கள். அந்தச் சமூகத்தில் பிறந்த மென்ஹேர்ட் லகாடோஷ் 1975-இல் வெளியிட்ட நாவலின் மூலம் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து எழுதினார். ஹங்கேரியில் நாட்டின் எல்லை மக்களைத் தாண்டி நகர்ந்தது. மலையகத்தில் எல்லை அசையவில்லை, குடிமகன் என்ற சொல்லின் பொருளே நகர்த்தப்பட்டது. இரண்டிலும் இழந்தவர்களின் கதையைச் சொல்ல அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே எழுத்தாளர்கள் எழ வேண்டியிருந்தது.

அறுபதுகளின் எழுச்சி

1960-களில் தோட்டப் பிள்ளைகளில் முதல் தலைமுறைப் படிப்பாளிகள் ஆசிரியராகவும் எழுத்தராகவும் கணக்கராகவும் வெளிவந்தார்கள். அட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி ஆசிரியர் இர. சிவலிங்கம் போன்றோர் அவர்களிடம் மலையகம் என்ற உணர்வை வளர்த்தார்கள். தோட்டக்காட்டான் என்று ஒதுக்கப்பட்டவர்கள் ‘மலையகத் தமிழர்’ என்று தம்மை அழைத்துக்கொண்டது இந்தக் காலத்தில்தான். வீரகேசரியின் தோட்டப் பகுதிக்கான பக்கத்தை நடத்திய எஸ்.எம். கார்மேகம், மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தின் வழியாகச் சிறுகதைப் போட்டிகளை ஒழுங்கு செய்தார். அவற்றில் பரிசு பெற்ற கதைகள் 1971-இல் ‘கதைக்கனிகள்’ என்ற தொகுப்பாயின. கண்டியிலிருந்து வந்த ‘மலைமுரசு’, யாழ்ப்பாணத்திலிருந்து டொமினிக் ஜீவா நடத்திய ‘மல்லிகை’ ஆகிய இதழ்களும் மலையக எழுத்துக்கு இடமளித்தன.

வடிவமாகச் சிறுகதை முன்னிற்கக் காரணங்கள் உண்டு. நூல் அச்சிடப் பணமில்லாத சமூகத்துக்கு ஞாயிற்றுப் பத்திரிகையின் ஒரு பக்கம் எட்டும் தொலைவில் இருந்தது. வேலை முடிந்த இரவில் குப்பி விளக்கொளியில் எழுதி முடிக்கக்கூடிய அளவும் அதுவே. ஒரு நிறுவை, ஒரு பெரட்டு, ஒரு மரணம், ஒரு பிரிவு என்று தோட்ட வாழ்க்கையே தனித்தனி நிகழ்வுகளாக அமைந்திருந்தது. படித்தவர் ஒருவர் லயத்துத் திண்ணையில் உரக்க வாசித்தால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஒரே இருப்பில் கேட்டு முடித்தார்கள்.

இந்த எழுச்சியின் அடையாளமாக நிற்பது என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’. 1961-இல் தினகரனில் வந்த கதை இது. ஒரு நாள் வழக்கத்தைவிட மிகுதியாகக் கொழுந்து பறித்துவிடும் இளம்பெண் மீது சந்தேகம் விழுகிறது. அவள் தன் விரல்களின் திறமையாலேயே அதைத் துடைக்கிறாள். அதுவரை தோட்டப் பெண் இலக்கியத்தில் இரக்கத்துக்குரிய பலியாகவே வந்திருந்தாள். ராமையா அவளைத் தொழில் தேர்ந்தவளாக, மானமுள்ளவளாக நிறுத்தினார். கூடையும் படங்கும் நிறுவைத் தராசும் கணக்கப்பிள்ளையின் பேச்சும் அவற்றுக்குரிய சொற்களோடு கதைக்குள் வந்தன. இவருடைய கதைகள் 1980-இல் அதே தலைப்பில் நூலாயின.

மலையகச் சிறுகதையின் மிக நீண்ட பயணம் தெளிவத்தை ஜோசப்புடையது (1934-2022). பதுளைப் பகுதியில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர், தாம் பணியாற்றிய தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே புனைபெயரின் முன்னொட்டாக்கிக்கொண்டார். அந்தத் தேர்விலேயே ஒரு நிலைப்பாடு இருக்கிறது. இழிவாகச் சொல்லப்பட்ட ‘தோட்டம்’ அவர் பெயரில் பெருமையோடு முன்னால் நிற்கிறது. அவருடைய ‘மீன்கள்’ கதை, வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் இரவைக் கழிக்க வேண்டிய குடும்பத்தின் வெட்கத்தையும் வதையையும் சொல்கிறது. அங்கே கொடுமைக்காரன் என்று சுட்ட ஓர் ஆள் இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவே கொடுமை செய்கிறது. ஓர் இன மக்களை மனிதராக எண்ணாமல் வேலைக்கைகளாக எண்ணிக் கட்டிய சுவர், மூன்றாம் தலைமுறையின் குடும்ப உறவையே குலைப்பதை அந்தக் கதை ஒரே இரவுக்குள் காட்டிவிடுகிறது. 1979-இல் வந்த அவருடைய தொகுப்பின் பெயர் ‘நாமிருக்கும் நாடே’. பாரதியின் விடுதலைப் பாட்டை நினைவூட்டும் அந்தத் தலைப்பு, நாடற்றவர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் வாயில் உரிமைக் கோரிக்கையாக ஒலித்தது.

ஒப்பாரிக் கோச்சி

1964 அக்டோபர் 30-இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர் என்று கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று முடிவானது. எஞ்சிய 1,50,000 பேரையும் 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரசாவுரிமையும் வந்தன. மகள் போக, தாய் நின்றாள்.

மலைநாட்டு நிலையங்களில் இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றிவிட உறவினர் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வண்டி நகரும்போது எழுந்த ஓலம், சாவு வீட்டின் ஒப்பாரியைப் போல இருந்தது. அந்த ரயிலுக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டார்கள். கோச்சி என்பது இலங்கைத் தமிழில் ரயில். மு. சிவலிங்கம் அந்தப் பெயரையே தம் சிறுகதைத் தொகுப்புக்குத் தலைப்பாக்கினார். முன்னோரை மலைக்கு ஏற்றிச் சென்ற அதே பாதையில், மதவாச்சி, செட்டிகுளம், மடு, மன்னார் என்று அதே நிலையங்களைக் கடந்து, பேரப்பிள்ளைகளைக் கீழே இறக்கிக் கொண்டுபோனது அந்தக் கோச்சி.

இந்தக் காலத்தின் வடுவை எழுதியவர்கள் பலர். மாத்தளையைச் சேர்ந்த மலரன்பன், மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு ஆகிய மூவரின் கதைகள் 1980-இல் ‘தோட்டக்காட்டினிலே’ என்ற ஒரே நூலாக வந்தன. வசைச் சொல்லே அங்கே நூலின் தலைப்பானது. பின்னர் மலரன்பன் ‘கோடிச்சேலை’, சாரல்நாடன் ‘மலைக்கொழுந்தி’ ஆகிய தொகுப்புகளைத் தந்தார்கள். மாத்தளை சோமு, தாயகம் திரும்பியவர்கள் தமிழகத்தில் பட்ட பாட்டையும் எழுதினார்.

பெண்களின் எழுத்து இன்னொரு விலக்கலையும் வெளிக்கொணர்ந்தது. கொழுந்து எடுப்பவள் பெண். ஆனால் அவள் சம்பளத்தை வாங்கி வந்தவர் பெரும்பாலும் அவள் கணவரோ தந்தையோதான். நயிமா சித்தீக் தொடங்கி இன்றைய பிரமிளா பிரதீபன் வரை வந்த எழுத்தாளர்கள், லயத்துக்குள் பெண் சுமந்த சுமையையும் தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வீட்டுவேலைக்கு அனுப்பப்படும் சிறுமியரையும் கதையாக்கினார்கள். அந்தனி ஜீவா மலையகப் பெண்களின் கதைகளை ‘அம்மா’ என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தார்.

இரு கரையிலும் அயலார்

1964-க்குப் பின் 4 இலட்சத்துக்கும் அதிகமானோர் தமிழகம் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் மிகப் பலர் தமிழகத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை. கப்பலிலிருந்து இறங்கியவர்களுக்கு மண்டபம் முகாமில் குடும்ப அட்டையும் மறுவாழ்வுக் கடனுக்கான தாளும் தரப்பட்டன. நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் 1968-இல் அவர்களுக்காகவே தொடங்கப்பட்டது. தாயகம் திரும்பியோருக்கான ரெப்கோ வங்கி 1969-இல் வந்தது. ஆனால் பெரும்பாலோருக்குக் கிடைத்தது சிறு வணிகக் கடன். கொழுந்து எடுக்கவும் கவ்வாத்து வெட்டவும் மட்டுமே பழகிய கைகளால் கடை நடத்த இயலவில்லை. பணம் கரைந்ததும் பலர் கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் மலைகளுக்குக் கூலி வேலை தேடி ஏறினார்கள். கொடைக்கானல் பகுதியில் மரப்பட்டை உரிக்கும் வேலையில் சில குடும்பங்கள் கொத்தடிமைகளாகச் சிக்கியதும் 1980-களில் வெளிவந்தது.

பூர்வீகக் கிராமங்களுக்குப் போனவர்களுக்கு வேறு வகை அதிர்ச்சி காத்திருந்தது. பாட்டன் பெயரைச் சொன்னால் பங்காளிகள் நிலத்தில் பங்கு கேட்க வந்ததாக அஞ்சினார்கள். தோட்டத்தில் ஓரளவு தளர்ந்திருந்த சாதிக் கட்டுப்பாடு ஊரில் முழு இறுக்கத்தோடு நின்றது. இலங்கையில் ‘இந்தியாக்காரன்’ என்று அழைக்கப்பட்டவர் இங்கே ‘சிலோன்காரன்’ ஆனார். ‘சிலோன் காலனி’ என்ற பெயர் பல ஊர்களில் ஊருக்குப் புறத்தே ஒரு தெருவாக நிலைத்தது.

இலங்கையில் நின்றவர்களின் வாழ்வும் அமைதியாக இல்லை. 1977, 1981, 1983 வன்செயல்களில் மலையகத் தமிழரின் வீடுகள் எரிந்தன. உயிர் தப்பிய குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறின. அங்கே அவர்கள் மீண்டும் நிலமற்ற கூலிகளாகத் தொடங்கினார்கள். உள்நாட்டுப் போர் அவர்களைப் பலமுறை இடம்பெயர்த்தது. 2009-இல் வன்னிப் போர் முடிந்தபோது ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் செட்டிகுளம் பகுதியில் அமைந்த மெனிக் பாம் முகாம்களில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மலையக வம்சாவளியினரும் இருந்தார்கள். 2012 செப்டம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. பாட்டன் ரயிலில் கடந்த நிலையத்தின் பெயரைப் பேரன் முகாமின் பெயராக அறிய நேர்ந்தது.

போரின் போது தமிழகத்துக்கு வந்தவர்களிலும் மலையகத் தமிழர் உண்டு. பெரம்பலூரை ஒட்டிய துறைமங்கலம், திருச்சிக் கொட்டப்பட்டு ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் அமைந்தன. மூதாதையர் புறப்பட்ட அதே பழைய மாவட்டத்தில் அவர்களுடைய மக்கள் அகதி என்ற பெயரோடு வாழ்கிறார்கள். இந்திய வம்சாவளியினர் என்ற அடிப்படையில் குடியுரிமை கோரிய 65 பேரின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஜூன் மாதம் அவர்கள் புதிதாக விண்ணப்பிக்க வழிவிட்டு, அதை மத்திய அரசு பரிசீலிக்க ஆணையிட்டது. 2021-இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது.

கதைகள் காத்துவைத்தவை

இலங்கையில் நாடற்ற நிலையைச் சட்டப்படி முடித்துவைத்தது 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் எண் குடியுரிமைச் சட்டம். 1948-இல் பறிக்கப்பட்டது முழுமையாகத் திரும்ப 55 ஆண்டுகள் ஆயின. அதற்குள் 1953 குடிக்கணக்கில் சுமார் 9,74,000 பேராக இருந்த இந்திய வம்சாவளித் தமிழர் 1981-இல் சுமார் 8,18,000 பேராகக் குறைந்திருந்தார்கள். நாட்டின் மக்கள்தொகை பெருகிக்கொண்டிருந்த காலத்தில் இந்தச் சமூகம் சுருங்கியது.

இந்த எண்களுக்கு அடியில் இருந்த வாழ்க்கையைத் தொகுத்துக் காக்கும் பணி 1990-களில் நடந்தது. துரை விஸ்வநாதன் தமது துரைவி பதிப்பகத்தின் வழியாக ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்ற இரு பெருந்தொகுப்புகளை வெளியிட்டார். பழைய பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த கதைகளைத் தேடித் தொகுத்த தெளிவத்தை ஜோசப், ‘மலையகச் சிறுகதை வரலாறு’ என்ற நூலையும் எழுதினார். 2013-இல் அவருக்குத் தமிழகத்தில் விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டபோது, கரையின் இந்தப் பக்கத்து வாசகர்களில் பலர் முதல்முறையாக அந்தக் கதைகளை வந்தடைந்தார்கள்.

இக்கதைகளை வரிசையாகப் படிக்கும்போது சில காட்சிகள் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். பெரட்டில் பேர் கூப்பிடுதல், செக்ரோலில் பேர் வெட்டப்படுதல், அலுவலக வாசலில் தாளோடு காத்து நிற்றல், நகரும் ரயிலின் சன்னலைப் பிடித்துக்கொண்டு ஓடுதல் ஆகியவையே அவை. ஒரு சமூகத்தின் காயம் எங்கே ஆறாமல் இருக்கிறதோ, அந்த இடத்துக்கே கதை மறுபடியும் போகிறது. எல்லாக் காட்சியிலும் ஒரு மனிதரின் பெயர் இன்னொருவர் கையில் இருக்கிறது. அந்தப் பெயரைத் தன் கைக்கு மீட்பதே மலையகச் சிறுகதை அறுபது ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை. மருதியைப் பலியாகக் கண்ட காலத்திலிருந்து கூடை நிறையக் கொழுந்தோடு தலைநிமிரும் பெண்ணைக் கண்ட காலத்துக்கு அது வந்து சேர்ந்தது.

2023-இல் மலையக மக்கள் தங்கள் வருகையின் 200-ஆம் ஆண்டை நினைவுகூர்ந்தார்கள். ஜூலை 28 முதல் ஆகஸ்டு 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த தடத்தில் ஒரு நடைபயணம் நடந்தது. காணி உரிமை, வீட்டுரிமை, நியாயமான சம்பளம், சமமான குடிமக்கள் என்ற ஏற்பு ஆகியவை அதன் கோரிக்கைகள். பெரம்பலூர், திருச்சி வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றில் கண்டிச்சீமைக்குப் போய்த் திரும்பாத ஒரு மூதாதையின் பேச்சு இன்னும் இருக்கும். அந்தப் பேச்சின் மறுபாதியை மலையகச் சிறுகதைகள் எழுதி வைத்திருக்கின்றன.